காளாஞ்சகப்படை மதிப்பீட்டில் ஒளியியல் படிமவியல்

காளாஞ்சகப்படை மதிப்பீட்டில் ஒளியியல் படிமவியல் என்பது, சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படை நோயுற்ற தோலை வெட்டாமலும் ஊசி குத்தாமலும், ஒளியைச் செலுத்தி அது திரும்பி வரும் தன்மையைக் கொண்டு ஆராயும் முறைகளின் தொகுப்பு ஆகும். மேல்தோலின் தடிப்பு, இரத்த நுண்குழாய்களின் அகலம், இரத்த ஓட்டம், செதிலின் அளவு முதலியவற்றை இம்முறைகளால் படமாகவும் எண்ணாகவும் பெறலாம். கையடக்கமான தோல்நோக்கி முதல், சீரொளியும் மீயொலி உணரியும் இணைந்த ஆய்வுக்கூடக் கருவிகள் வரை பல கருவிகள் இதில் அடங்கும்.

இந்நோயை இன்னதென்று அறிய இக்கருவிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பழகிய தோல் மருத்துவர் பார்த்த அளவிலேயே கூறிவிடுவார். நோய் எவ்வளவு கடுமையாக உள்ளது, மருந்து கேட்கிறதா, படை மறைந்தபின் உள்ளே நோய் எஞ்சியிருக்கிறதா என்னும் வினாக்களுக்கு விடை காண்பதிலேயே இவற்றின் பயன் மிகுதி.

நோயில் தோல் அடையும் மாற்றங்கள்

நலமான தோலில், மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர்வதற்கு நான்கு வாரங்களோ அதற்கும் கூடுதலாகவோ ஆகும். காளாஞ்சகப்படையில் இப்பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முதிர்வதற்கு நேரம் கிடைக்காத உயிரணுக்கள் தம் உட்கருவை இழக்காமலேயே மேற்பரப்பிலுள்ள கொம்புப்படலத்தை அடைகின்றன. ஒன்றோடொன்று சரிவர ஒட்டாத இவ்வடுக்குகளுக்கு இடையே காற்று புகுந்து நிற்கிறது. படையின் மேல் வெள்ளி போல் மின்னும் செதிலின் வெண்மை, இக்காற்றிடைவெளிகளில் ஒளி சிதறுவதால் தோன்றுவதாகும்.

மேல்தோல் பல மடங்கு தடிக்கிறது. அதன் அடிவிளிம்பு விரல்களைப் போல் நீண்டு உட்தோலுக்குள் இறங்குகிறது. அவ்விரல்களுக்கு இடையே மேலெழும் உட்தோல் முகடுகளில், இரத்த நுண்குழாய்கள் அகன்றும் முறுக்கிக்கொண்டும் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. செதிலைச் சுரண்டி எடுத்தால் குண்டூசி முனை அளவில் இரத்தப் புள்ளிகள் அரும்புவது இதனாலேயே. ஆஸ்திரிய மருத்துவர் ஒருவரின் பெயரால் இது ஆஸ்பிட்ஸ் அறிகுறி எனப்படுகிறது.

ஆக, நோயுற்ற இடத்தில் காற்று கூடுகிறது, திசு தடிக்கிறது, இரத்தம் மிகுகிறது. இம்மூன்றும் ஒளியை வெவ்வேறு வகையில் மாற்றுகின்றன. ஒளியியல் முறைகளுக்கு இந்நோய் ஏற்றதாக அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

கண்ணால் மதிப்பிடும் முறை

நோயின் கடுமையை அளக்க மருத்துவ உலகில் மிகுதியாகப் பயன்படுவது, 1978 ஆம் ஆண்டில் பிரெட்ரிக்சன், பெட்டர்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட பி.ஏ.எஸ்.ஐ. என்னும் குறியெண் ஆகும். இம்முறையில் உடல் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, உடற்பகுதிக்கு 0.3, கால்களுக்கு 0.4 என்று எடைகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் சிவத்தல், தடிப்பு, செதிலுதிர்தல் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடவேண்டும். நோய் பரவியுள்ள பரப்புக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் உண்டு. மூன்றின் கூட்டுத்தொகையைப் பரப்பு மதிப்பெண்ணாலும் எடையாலும் பெருக்கி, நான்கு பகுதிகளையும் கூட்டினால் 0 முதல் 72 வரையிலான ஓர் எண் கிடைக்கும்.

இவ்வெண் வெறும் பதிவேட்டுக் குறிப்பு அன்று. இங்கிலாந்தில் நைஸ் என்னும் அரசு சார் அமைப்பு, 2006 ஆம் ஆண்டில் எட்டனர்செப்ட் மருந்து குறித்து வெளியிட்ட வழிகாட்டுதலில், பி.ஏ.எஸ்.ஐ. 10 அல்லது அதற்கு மேலாகவும், வாழ்க்கைத்தரக் குறியெண் 10ஐத் தாண்டியும் உள்ளவர்களுக்கே அவ்வுயிரியல் மருந்தைப் பரிந்துரைத்தது. வேறு சிகிச்சைகள் பயனளிக்காமலோ ஒவ்வாமலோ போயிருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. பின்வந்த பல மருந்துகளுக்கும் இதையொத்த எல்லையே வகுக்கப்பட்டது. மருந்தைத் தொடர்வதற்கும் கணக்கு உண்டு: குறியெண் முக்கால் பங்கு குறைந்திருக்க வேண்டும், அல்லது பாதி குறைந்து, வாழ்க்கைத்தரக் குறியெண்ணும் 5 குறைந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒருவருக்கு உடற்பகுதியில் பரப்பு மதிப்பெண் 3, கால்களில் 2. தலையிலும் கைகளிலும் நோய் இல்லை. சிவத்தல், தடிப்பு, செதில் மூன்றும் எங்கும் 2 எனக் கொள்வோம். உடற்பகுதிக்கு 0.3 × 6 × 3 = 5.4; கால்களுக்கு 0.4 × 6 × 2 = 4.8; மொத்தம் 10.2. இதே நோயாளியின் சிவத்தலுக்கு மட்டும் வேறொரு மருத்துவர் 2க்குப் பதிலாக 1 இட்டால், 4.5 + 4.0 = 8.5 ஆகிவிடும். தோலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நோயாளி எல்லைக் கோட்டின் மறுபக்கம் சென்றுவிடுகிறார்.

பரப்பைக் கணிப்பதிலும் சிக்கல் உண்டு. சிதறிக் கிடக்கும் சிறு படைகளைக் கண்ணால் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மிகையாகவே மதிப்பிடுகின்றனர். மேலும், 10 விழுக்காட்டுக்குக் குறைவான பரப்பு முழுவதற்கும் 1 என்னும் ஒரே மதிப்பெண்தான். எனவே நோய் குறைவாக உள்ளவர்களிடம் ஏற்படும் முன்னேற்றம் இக்குறியெண்ணில் சரியாக வெளிப்படுவதில்லை.

கரிய தோலும் சிவத்தலும்

வெளிறிய தோலில் இளஞ்சிவப்பாகத் தெரியும் படை, மாநிறத் தோலிலும் கரிய தோலிலும் ஊதா, சாம்பல், கரும்பழுப்பு ஆகிய நிறங்களில் தோன்றுகிறது. அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் அதே அளவு விரிந்திருந்தாலும், மேலே உள்ள மெலனின் நிறமி அவற்றிலிருந்து வரும் ஒளியை உட்கவர்ந்துகொள்கிறது. இதனால் சிவத்தலுக்குக் குறைவான மதிப்பெண் இடப்படும் வாய்ப்பு மிகுதி. மேலே கண்ட கணக்கில் ஒரு மதிப்பெண் வேறுபாடு என்ன செய்யும் என்பதை நோக்கினால் இதன் தீவிரம் விளங்கும். தமிழர்கள் உள்ளிட்ட தெற்காசிய மக்கள் பெரும்பாலோருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

நைஸ் அமைப்பின் பிற்கால வழிகாட்டுதல்கள், தோலின் நிறம் குறியெண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதைக் கருத்திற்கொண்டு, தக்கதெனத் தோன்றும் திருத்தத்தைச் செய்யுமாறு மருத்துவர்களிடம் கூறுகின்றன. திருத்தத்தின் அளவு மருத்துவரின் முடிவுக்கே விடப்பட்டுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத சிவப்பை மீண்டும் கண்ணாலேயே திருத்துவது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பு. மெலனினையும் இரத்தத்தையும் பிரித்து அளக்கும் கருவிகளின் தேவை இங்குதான் தெளிவாகத் தெரிகிறது.

திசு ஆய்வுக்கு மாற்று

தோலில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளையிட்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் காண்பதே உறுதியான முறை. ஆயினும் அது தழும்பை விட்டுச்செல்லும். எடுத்த இடத்தில் மீண்டும் எடுக்க இயலாது. ஆகவே ஒரே இடம் வாரந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய முடியாது. காளாஞ்சகப்படைக்கே உரிய இன்னொரு இடரும் உண்டு. காயம்பட்ட இடத்தில் புதிய படை தோன்றும் இயல்பு நோயாளிகள் பலரிடம் காணப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டில் இதனை விளக்கிய செருமானிய மருத்துவர் ஐன்ரிச் கோப்னரின் பெயரால் இது கோப்னர் விளைவு எனப்படுகிறது. அளப்பதற்காக வெட்டுவதே நோயை வளர்க்கக்கூடும் என்பதால், தொடாமல் அளக்கும் முறைகள் இந்நோயில் சிறப்பிடம் பெறுகின்றன.

தோலினுள் ஒளி

தோல் ஒளியை மிகவும் சிதறடிக்கும் பொருள் ஆகும். கைவிளக்கை உள்ளங்கையின் பின்புறம் வைத்தால் கை சிவந்து ஒளிர்வதைக் காணலாம். ஆனால் எலும்பின் உருவம் தெரியாது. ஒளி கடந்து வருகிறது, உருவம் கடந்து வருவதில்லை. ஒளியியல் படிமவியலின் எல்லா முறைகளும், இவ்வாறு கலைந்துபோன ஒளியிலிருந்து கலையாத பகுதியைப் பிரித்தெடுக்க முயல்பவையே.

உட்கவர்தலைப் பொறுத்தவரை இரு பொருள்கள் முதன்மையானவை. ஆக்சிசன் ஏறிய ஈமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில் இரட்டை முகடுகளைக் காட்டும். மெலனினுக்கு முகடு இல்லை. அலைநீளம் கூடக்கூட அதன் உட்கவர்தல் சீராகக் குறைந்துகொண்டே வரும். வடிவில் உள்ள இவ்வேறுபாடே இரண்டையும் பிரித்தறிய உதவுகிறது.

முறைகள்

தோல்நோக்கி: இது விளக்குடன் கூடிய உருப்பெருக்கி. சாதாரண ஒளியில் மேற்பரப்பின் பளபளப்பு உள்ளே இருப்பதை மறைத்துவிடும். தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தான தளத்தில் உள்ள வடிகட்டியின் வழியே நோக்கினால், மேற்பரப்பில் எதிரொளித்த ஒளி தடுக்கப்பட்டு, உள்ளே சென்று சிதறித் திரும்பிய ஒளி மட்டும் கண்ணை அடையும். காளாஞ்சகப்படையில் இளஞ்சிவப்புப் பின்னணியில் ஒரே சீராகப் பரவிய செம்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் நேர்மேலிருந்து பார்க்கப்படும் ஒரு நுண்குழாய் வளையம். கரப்பான் நோயில் புள்ளிகள் திட்டுத்திட்டாகவும் மஞ்சள் நிறச் செதில்களுடனும் இருப்பது வழக்கம். வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசியவர்களிடம் புள்ளிகளுக்குப் பதிலாகச் சிவந்த கோடுகள் தோன்றினால், தோல் மெலியத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். இந்தியாவில் இத்தகைய களிம்புகள் கடைகளில் தாராளமாக வாங்கப்பட்டு வந்தன; 2018 ஆம் ஆண்டில் அரசு அவற்றுள் பலவற்றை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. எனவே விலை குறைந்த இக்கருவியின் இந்தப் பயன் இங்கு சிறிதன்று.

எதிரொளிப்பு நிறமாலை முறைகள்: பல அலைநீளங்களில் தோலைப் படமெடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஈமோகுளோபின், மெலனின், ஆக்சிசன் ஏற்றம் ஆகியவற்றைக் கணிக்கும் முறைகள் இவை. கலிபோர்னியாவின் இர்வைன் நகரிலுள்ள பெக்மன் சீரொளி நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட ஒரு முறையில், தோலின் மேல் வரிவரியான ஒளிக்கோலங்கள் வீழ்த்தப்படுகின்றன. வரிகள் எவ்வளவு மங்கித் திரும்புகின்றன என்பதைக் கொண்டு, சிதறலையும் உட்கவர்தலையும் தனித்தனியே கணக்கிடலாம். பரந்த பரப்பை ஒரே நேரத்தில் அளக்க முடிவது இதன் சிறப்பு. ஆழம் சார்ந்த நுணுக்கம் இதில் குறைவு.

சீரொளி டாப்ளர், சீரொளிப் புள்ளிக்கோல முறைகள்: நகரும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் சீரொளி சற்று மாறுபடுவதைக் கொண்டு இவை இரத்த ஓட்டத்தைக் காட்டுகின்றன. 1975 ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்டெர்ன் தோலின் நுண்குருதி ஓட்டத்தை இவ்வழியில் அளக்கலாம் எனக் காட்டினார். 1981 ஆம் ஆண்டில் பெர்ச்சர், பிரையர்ஸ் ஆகியோர் புள்ளிக்கோல முறையை முன்வைத்தனர். படைகளில் இரத்த ஓட்டம் பல மடங்கு மிகுந்திருப்பது எதிர்பார்த்ததே. வியப்பளித்தது, விரிந்துகொண்டிருக்கும் படையின் ஓரத்துக்கு வெளியே, கண்ணுக்கு நலமாகத் தோன்றும் தோலிலும் ஓட்டம் உயர்ந்திருந்தமைதான். நாம் காணும் எல்லைக்கு முன்பாகவே நோய் அங்கு சென்றுவிடுகிறது.

இணைகுவிய நுண்ணோக்கி: குவியத்தில் உள்ள தளத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் ஒரு நுண்துளை வழியே ஏற்று, ஏனையதைத் தடுக்கும் இக்கருவிக்கு மார்வின் மின்ஸ்கி 1957 ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மின்ஸ்கி பின்னாளில் செயற்கை அறிவுத்திறன் ஆய்வுகளால் பெரும்புகழ் பெற்றவர். உயிருள்ள மனிதத் தோலில் இதன் பயன்பாட்டை மிலிந்த் ராஜாத்யக்சவும் உடன் ஆய்வாளர்களும் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 830 நானோமீட்டர் சீரொளியைப் பயன்படுத்துகின்றன. ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவு நுணுக்கம் கிடைப்பதால், கொம்புப்படலத்தில் தங்கிவிட்ட உட்கருக்கள், அகன்ற முகடுகள், அவற்றினுள் ஓடும் இரத்த அணுக்கள் ஆகியவற்றைக் காணலாம். எட்டும் ஆழம் கால் மில்லிமீட்டருக்குள் அடங்கும். நலமான தோலுக்கு இது போதும். தடித்த படையிலோ உட்தோலை எட்டுவதற்குள் ஒளி தீர்ந்துவிடும். நோய் முற்றிய இடத்தில் கருவி வலுவிழப்பது இம்முறையின் பெருங்குறை.

ஒளியியல் ஓரியல்புத் தளப்படவியல்: ஓ.சி.டி. என்னும் சுருக்கப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலானோர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்முறை கண் மருத்துவத்தில் விரைவாக இடம்பிடித்தது. செருமனியில் ஜூலியா வெல்செல் குழுவினர் 1997 ஆம் ஆண்டில் தோலில் இதன் பயனை விவரித்தனர். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தோலுக்கும் மற்றொன்றை ஓர் ஆடிக்கும் அனுப்பி, திரும்பும் இரண்டையும் சேர்த்தால், பயணத்தொலைவு ஒத்திருக்கும் ஒளி மட்டும் குறுக்கீட்டு விளைவைத் தரும். எதிரொலியைக் கொண்டு ஆழம் அறிவதை இது ஒத்தது. தோலுக்கு 1300 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளி பயன்படுகிறது. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை எட்டும்.

மேல்தோலின் தடிப்பை மைக்ரோமீட்டர் கணக்கில் தருவதால், மருந்து தொடங்கியபின் வாரந்தோறும் அது குறைவதைப் பின்தொடரலாம். ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து, மாறும் புள்ளிகளை மட்டும் பிரித்தால், ஓடும் இரத்தத்தின் தடம் தனியே கிடைக்கும். சாயம் எதுவும் செலுத்தாமல் பெறப்படும் இரத்தக்குழாய் வரைபடம் இது. 1300 நானோமீட்டரில் மெலனினின் உட்கவர்தல் மிகக் குறைவு என்பதும், இங்கு நிறத்தை அல்ல, நகர்வையே அளக்கிறோம் என்பதும் கவனிக்கத்தக்கவை. முன்பு கூறிய கரிய தோல் சிக்கலுக்கு நல்ல விடையாக அமையக்கூடியவற்றுள் இதனை முதலிற் கூறலாம்.

பல்லொளியன் நுண்ணோக்கி: இரு ஒளியன்கள் ஒருங்கே உட்கவரப்படலாம் என்பதை 1931 ஆம் ஆண்டில் மரியா கெப்பர்ட்-மேயர் கோட்பாட்டளவில் கூறினார். 1990 ஆம் ஆண்டில் டெங்க், இசுட்ரிக்லர், வெப் ஆகியோர் அதனை நுண்ணோக்கியாக்கினர். உயிரணுக்களில் இயல்பாக உள்ள சில மூலக்கூறுகளின் ஒளிர்வும், கொலாசன் இழைகள் தரும் இரண்டாம் சீரிசைக் குறிகையும் இதில் படமாகின்றன. உயிரணுவின் வளர்சிதைமாற்றம் பற்றிய தகவல் கிடைப்பது தனிச்சிறப்பு. விலையும் பார்வைப்பரப்பின் சிறுமையும் காரணமாக இது ஆய்வுக்கூடங்களிலேயே மிகுதியும் நிற்கிறது.

ஒளி-ஒலிப் படிமவியல்: விட்டுவிட்டு வீழும் ஒளி பொருள்களில் ஒலியை எழுப்புவதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். குறுகிய சீரொளித் துடிப்பை உட்கவரும் இரத்தம் மிகச் சிறிதளவு சூடாகி விரியும்போது மீயொலி பிறக்கிறது. ஒலி திசுவில் ஒளியைப் போல் சிதறுவதில்லை. எனவே ஒளியின் தேர்வுத்திறனும் ஒலியின் ஊடுருவலும் ஒன்றுசேர்கின்றன. செருமனியின் மியூனிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், காளாஞ்சகப்படைத் தோலின் மேல்தோல் தடிப்பும் இரத்தக் குழாய்களின் அளவுகளும் இம்முறையில் பெறப்பட்டு, மருத்துவர் இட்ட மதிப்பெண்களுடன் ஒப்பிடப்பட்டன. கண்ணுறு ஒளியைப் பயன்படுத்தும்போது மெலனினும் வலுவான குறிகை தரும் என்பதால், கரிய தோலில் கீழுள்ள குழாய்களுக்குச் சென்றுசேரும் ஒளி குறையும். இதனைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு பிழையாகும்.

படை மறைந்த பின்

சிகிச்சையால் தோல் தெளிந்தபின் நோய் திரும்பினால், பெரும்பாலும் பழைய இடத்திலேயே திரும்புகிறது. நினைவாற்றல் கொண்ட டி வகை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அவ்விடத்தில் தங்கிவிடுவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பி.ஏ.எஸ்.ஐ. முறையில் இத்தகைய தோலுக்கு மதிப்பெண் 0. ஆனால் ஓ.சி.டி. அல்லது தோல்நோக்கியில் பார்க்கும்போது, சிலரிடம் நுண்குழாய்கள் இன்னும் விரிந்தே இருப்பது தெரியவருகிறது. விலையுயர்ந்த உயிரியல் மருந்தை நிறுத்தலாமா, இடைவெளியைக் கூட்டலாமா என்று எண்ணும் நோயாளிக்கு இத்தகவல் மிகவும் வேண்டியது. எஞ்சியுள்ள எந்த மாற்றம் நோய் திரும்புவதை உறுதியாக முன்னறிவிக்கும் என்பது ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

செதில் ஒளியியல் முறைகள் அனைத்துக்கும் இடையூறு. செதிலில் உள்ள காற்றை எண்ணெயோ கிளிசரினோ கொண்டு நிரப்பினால், ஒளிவிலகல் எண் வேறுபாடு குறைந்து செதில் கண்ணாடி போல் தெளிந்துவிடும். ஆய்வாளர்கள் இதனை வேண்டுமென்றே செய்கின்றனர். ஆனால் நோயாளி வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தால், கண்ணால் இடும் செதில் மதிப்பெண்ணும் காரணமின்றிக் குறையும். சித்த மருத்துவத்தில் இந்நோய்க்குப் பயன்படும் வெட்பாலைத் தைலம் செந்நீல நிறம் உடையது. அது தோலில் இருக்கையில் எடுக்கும் நிறமாலை அளவீடு தைலத்தையும் சேர்த்தே அளக்கும். முன்கூட்டியே தோலைத் துடைத்துவிடுவது நன்று.

கருவியின் முனையைத் தோலில் அழுத்தினால் நுண்குழாய்களிலிருந்து இரத்தம் வெளியேறி, ஓட்டம் குறைவாகத் தெரியும். வெயிலில் நடந்து வந்தவரின் தோலிலும் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருந்தவரின் தோலிலும் இரத்த ஓட்டம் வேறுபடும் என்பதால், சற்று நேரம் அமரச் செய்தபின் அளப்பது வழக்கம். எந்தப் படையை அளந்தோம் என்பதை உடல் வரைபடத்தில் குறித்துவைக்காவிட்டால் அடுத்த வருகையின் அளவீடு பயனற்றதாகிவிடும்.

பயன்பாட்டு நிலை

தோல்நோக்கி அன்றாட மருத்துவத்தில் கலந்துவிட்டது. இணைகுவிய நுண்ணோக்கியும் ஓ.சி.டி.யும் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில், பெரும்பாலும் தோற் புற்றுநோய்க்காக வாங்கப்பட்டு, காளாஞ்சகப்படைக்கும் பயன்படுத்தப்படுகின்றன. மருந்துச் சோதனைகளில் முடிவைத் தீர்மானிக்கும் அளவுகோலாக இன்றும் பி.ஏ.எஸ்.ஐ. முதலியனவே உள்ளன. ஒரு படையின் சில மில்லிமீட்டர் பரப்பை நுணுக்கமாக அளக்கும் கருவி, உடல் முழுதும் பரவிய நோயைப் பற்றி எவ்வளவு கூற இயலும் என்பது நியாயமான ஐயமே.

ஒளிப்படங்களிலிருந்து கணினியே குறியெண்ணைக் கணிக்கும் மென்பொருள்கள் அண்மைக்காலத்தில் பெருகியுள்ளன. அவை எந்தப் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டனவோ அந்தத் தோல்களிலேயே நன்கு செயற்படும். தோல் மருத்துவப் படத்தொகுப்புகளில் கரிய தோலின் படங்கள் குறைவாகவே இருந்து வந்துள்ளன. அத்தகைய தொகுப்புகளில் பயின்ற மென்பொருள், கண்ணின் பழைய பிழையை எண் வடிவில் மீண்டும் தரக்கூடும்.